உறைபனிப் பாலம்

புலி மானைக் கொன்று தின்கின்றது. மான் புல்லை மேய்கின்றது. மேலோடு நோக்குவார்க்குப் புலி கொடியதாகவும், மான் இரங்கத்தக்கதாகவும், புல் எவராலும் பொருட்படுத்தப்படாத ஒன்றாகவும் தோன்றும். ஆழ்ந்து நோக்குவார்க்கோ இம்மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகவே புலப்படும். மான் அளவின்றிப் பெருகினால் புல் அழியும். புல் அழிந்தால் மான் பட்டினியால் மாயும். மான் மாய்ந்தால் புலியும் நிலைத்து வாழாது. இச்சங்கிலியைத் தாங்கி நிற்பவை வெயிலும் மழையும் பனியும் ஆகும். அவற்றின் முறை மாறுங்கால் கொல்லும் விலங்குக்கும் கொல்லப்படும் விலங்குக்கும் நேர்வது யாது? இவ்வினாவுக்குரிய விடையை ஓராண்டிலோ ஈராண்டிலோ கண்டுவிடல் இயலாது. மனிதரின் ஒரு தலைமுறைக் காலமேனும் ஓரிடத்திலேயே கண் வைத்துக் காத்திருத்தல் வேண்டும். அங்ஙனம் காத்திருந்து ஆராய்ந்த அறிஞர்களின் வரலாறு ஒன்று உண்டு. அது வட அமெரிக்காவில் உள்ள ஒரு தீவில் நிகழ்ந்தது.

தீவும் அதன் விலங்குகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் இடையே சுப்பீரியர் ஏரி கடல்போலப் பரந்து கிடக்கின்றது. பரப்பளவால் உலகின் நன்னீர் ஏரிகளுள் அதுவே பெரியது. அவ்வேரியின் வடமேற்குப் பகுதியில் ஐல் ராயல் என்னும் தீவு அமைந்துள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 72 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மிக அண்மையில் உள்ள கரையும் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றது. 1940ஆம் ஆண்டில் அத்தீவு தேசியப் பூங்கா ஆயிற்று. அங்கே வேட்டையாடுவார் இல்லை. மரம் வெட்டுவாரும் இல்லை. எனவே விலங்குகள் தம் இயல்பின்படி வாழ்வதைக் காண்பதற்கு அதனினும் தக்க இடம் அரிது.

அத்தீவில் வாழும் பெரிய விலங்கு மூஸ் எனப்படும். அது மான் இனத்துள் மிகப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் மூஸ் 400 கிலோகிராமுக்கு மேலும் எடை கொண்டிருக்கும். அகன்ற கொம்பும், நீண்ட கால்களும், தொங்கும் மேலுதடும் அதற்கு உரியவை. கோடையில் அது தழைகளையும் நீரில் வளரும் பூண்டுகளையும் உண்ணும். குளிர்காலத்தில் தழை உதிர்ந்துவிடுமாதலின், பால்சம் ஃபிர் என்னும் ஊசியிலை மரத்தின் கிளை நுனிகளைக் கடித்து உயிர் வாழும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் மூஸ்கள் அத்தீவை அடைந்தன. அவை ஏரியை நீந்திக் கடந்திருக்கக்கூடும் என்பர். கொல்வார் எவரும் இல்லாத தீவில் அவை விரைந்து பெருகின. 1929, 1930ஆம் ஆண்டுகளில் அடால்ஃப் மியூரி என்னும் அறிஞர் அங்கே சென்று ஆராய்ந்தார். மரங்கள் மேய்ச்சலால் நலிந்திருப்பதைக் கண்ட அவர், விரைவில் மூஸ்கள் பட்டினியால் மடியும் என்று உரைத்தார். அவர் கூறியவாறே சில ஆண்டுகளுள் மூஸ்கள் கூட்டங்கூட்டமாக மாண்டன. பகையின்மையே அவற்றுக்குப் பெரும்பகையாக முடிந்தது.

1940ஆம் ஆண்டுகளின் இறுதியில் அத்தீவுக்குப் புதிய விருந்தினர் வந்தனர். கடுங்குளிரால் ஏரியின் மேற்பரப்பு உறைந்து, கரைக்கும் தீவுக்கும் இடையே பனிக்கட்டிப் பாலம் ஒன்று அமைந்தது. அப்பாலத்தின் வழியே சில ஓநாய்கள் நடந்து தீவை அடைந்தன. அன்றுமுதல் அத்தீவில் கொல்லும் விலங்கும் கொல்லப்படும் விலங்கும் ஒருங்கே வாழலாயின.

ஆய்வின் தோற்றம்

பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் டர்வார்டு ஆலன் 1958ஆம் ஆண்டில் இவ்வாய்வைத் தொடங்கினார். அவர்தம் மாணவர் டேவிட் மெக், தீவில் தங்கி ஓநாய்களைப் பின்தொடர்ந்தார். 1970ஆம் ஆண்டில் மாணவராக வந்த ரோல்ஃப் பீட்டர்சன், பிற்காலத்தில் தலைமை ஏற்று நெடுங்காலம் நடத்தினார். அவருக்குப்பின் ஜான் வூசெட்டிச் முதலியோர் அப்பணியை மேற்கொண்டனர். கொல்லும் விலங்கையும் இரையையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த ஆய்வுகளுள் இதுவே உலகில் மிக நீண்டது எனப் போற்றப்படுகின்றது.

ஆண்டுதோறும் குளிர்காலத்தில், சறுக்குக் கட்டைகள் பொருத்திய சிறு வானூர்தியில் அறிஞர் தீவின் மேல் பறப்பர். வெண்பனியின்மீது ஓநாய்களின் அடிச்சுவடு நூல் இழுத்தாற்போலத் தெரியும். அச்சுவட்டைப் பற்றிச் சென்று அவற்றை எண்ணுவர். குறித்த சில பகுதிகளில் மூஸ்களை எண்ணி, தீவு முழுமைக்கும் கணக்கிடுவர். கோடையிலோ காடெங்கும் நடந்து, மடிந்த மூஸ்களின் எலும்புகளைத் தேடி எடுப்பர். ஓநாயின் எச்சத்தையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை. அதனை ஆராய்ந்து ஓநாய்களின் மரபுவழியை அறிவர்.

எலும்பு கூறும் செய்தி

ஓநாய் விரும்பிய மூஸை விரும்பியபோது கொன்றுவிடும் என்று பலர் எண்ணுவர். மெக் கண்ட உண்மை வேறு. ஓநாய்கள் எதிர்ப்பட்டு வலிமை பார்த்த மூஸ்கள் 77. அவற்றுள் கொல்லப்பட்டவை ஆறே ஆகும். மூஸின் குளம்படி ஓநாயின் மண்டையைப் பிளக்க வல்லது. ஆதலின் ஓடாது எதிர்த்து நிற்கும் மூஸை ஓநாய்கள் பெரும்பாலும் விட்டு நீங்கும்.

அங்ஙனமாயின் ஓநாய்க்கு இரையாவன எவை? இவ்வினாவுக்கு எலும்புகள் விடை கூறின. மரத்தின் ஆண்டு வளையம்போல மூஸின் பல்லிலும் ஆண்டுக்கு ஒரு படலம் படியும். அதனை எண்ணி அதன் வயதை அறியலாம். அவ்வாறு ஆராய்ந்தபோது, இரையானவற்றுள் பெரும்பாலானவை இளங்கன்றுகளும் முதிர்ந்த விலங்குகளும் எனத் தெரிந்தது. முதிர்ந்தவற்றுள் பல, மூட்டு நோயால் இடுப்பெலும்பு தேய்ந்தவை. கன்றுப் பருவத்தில் போதிய உணவின்றி வளர்ந்த மூஸ்களுக்கே பிற்காலத்தில் அந்நோய் மிகுதியாக வந்தது என்பதையும் அறிஞர் கண்டனர். மூஸ்கள் மிகுந்து உணவு குறைந்த ஆண்டில் பிறந்த கன்று, பத்தாண்டுகளுக்கு அப்பாலும் அப்பஞ்சத்தின் வடுவைத் தன் எலும்பில் தாங்கி நிற்கின்றது. ஓநாய் அந்த வடுவைத் தேடிக் கண்டுகொள்கின்றது.

பனியின் ஆட்சி

ஆய்வின் தொடக்கத்தில் அறிஞர் எதிர்பார்த்தது ஒரு சமநிலை. ஓநாய் மூஸைக் குறைக்கும். மூஸ் குறைந்தால் ஓநாயும் குறையும். இவ்வாறு தராசின் இரு தட்டுகள்போல அவை தாழ்ந்தும் உயர்ந்தும் ஒரு நிலைக்கு வரும் என்று கருதினர். ஆண்டுகள் செல்லச்செல்ல, அத்தராசை வெளியிலிருந்து அசைக்கும் கைகள் பல உண்டு என்பது தெளிவாயிற்று. அவற்றுள் ஒன்று பனி.

பனி ஆழமாகப் பெய்யும் ஆண்டில் ஓநாய்கள் பெருங்கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடுகின்றன. குறைவாகப் பெய்யும் ஆண்டில் சிறு கூட்டங்களாகப் பிரிகின்றன. பனி மிகுந்த ஆண்டில் அவை நாளொன்றுக்குக் கொல்லும் மூஸ்கள் மற்றை ஆண்டினும் மும்மடங்கு என 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. அதன் பயன் அவ்வளவோடு நின்றதா? இல்லை. மூஸ் குறைந்தமையால் ஃபிர் மரங்கள் கடிபடாது வளர்ந்தன. அம்மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்தபோது அவ்வளர்ச்சி தெளிவாகத் தெரிந்தது. வானத்திலிருந்து விழுந்த பனி ஓநாயின் பழக்கத்தை மாற்றி, மூஸின் தொகையை மாற்றி, முடிவில் மரத்தின் வளையத்தில் தன் கையொப்பத்தை இட்டுவிட்டது!

1995ஆம் ஆண்டில் மூஸ்கள் ஏறத்தாழ 2,400 இருந்தன. அடுத்து வந்த கடுங்குளிரும், உணவுக் குறைவும், உண்ணிகளின் தொல்லையும் ஒன்றுகூடின. 1997ஆம் ஆண்டில் எஞ்சியவை ஏறத்தாழ 500. இவ்வழிவைச் செய்தவை ஓநாய்கள் அல்ல. எனினும் குளிர் தணிந்தால் மூஸுக்கு நலமே என்று கருதுதல் கூடாது. குளிர்நாட்டு விலங்காகிய அது வெப்பத்தைத் தாங்காது. வெயில் மிகுந்த நாளில் மேய்ச்சலை விட்டு நிழலில் ஒதுங்கும். அதனால் குளிர்காலத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்கமாட்டாது. குளிர்காலம் குறுகினால் அதன் உடலைப் பற்றிக் குருதி குடிக்கும் உண்ணிகளும் பெருகும். மிகுந்த குளிரும் துன்பம். மிகுந்த வெப்பமும் துன்பம்.

பாலம் அற்ற தீவு

1980ஆம் ஆண்டில் ஓநாய்கள் 50ஆக உயர்ந்திருந்தன. இரண்டே ஆண்டுகளில் அவை 14ஆகக் குறைந்தன. நாய்களைப் பற்றும் பார்வோ என்னும் நச்சுயிரி நோயே அதற்குக் காரணம். விலக்கை மீறி எவரோ கொண்டுவந்த நாயின் வாயிலாக அந்நோய் தீவை அடைந்திருக்கும் என அறிஞர் கருதுகின்றனர்.

நோய் நீங்கிய பின்னரும், இரை மிகுதியாக இருந்தும், ஓநாய்கள் பழைய நிலையை அடையவில்லை. காரணம் அவற்றின் குருதியிலேயே இருந்தது. அத்தீவின் ஓநாய்கள் யாவும் ஒரே பெண் ஓநாயின் வழிவந்தவை. நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறைதோறும் இணைந்தமையால் அவற்றின் முதுகெலும்பில் குறைபாடுகள் மலிந்தன. புதுக்குருதி வருவதற்கு வழி ஒன்றே; அது பனிக்கட்டிப் பாலம்.

1997ஆம் ஆண்டில் அப்பாலத்தின் வழியே ஆண் ஓநாய் ஒன்று தனியே வந்தது. அது புதிதாக வந்தது என்பதையே எச்சத்தை ஆராய்ந்து, பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிஞர் அறிந்தனர். முதுமையில் அதன் மயிர் நரைத்து வெளிறியமையால் 'நரைத்த முதியோன்' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். அதன் வழித்தோன்றல்கள் தீவெங்கும் பரவின. ஒரே ஓர் ஓநாயின் வரவு ஓர் இனத்துக்கே சில காலம் உயிர் ஊட்டிற்று. ஆயினும் நாளடைவில் எல்லா ஓநாய்களும் அதன் சுற்றமாகவே ஆகிவிட்டமையால் பழைய குறை மீண்டும் தலைகாட்டிற்று.

மற்றோர் ஓநாய் வந்திருத்தல் ஆகாதோ? ஆகும், ஆனால் பாலம் வேண்டுமே! 1960ஆம் ஆண்டுகளில் பெரும்பாலான குளிர்காலங்களில் அமைந்த பனிக்கட்டிப் பாலம், உலகம் வெப்பமடையத் தொடங்கியபின் அரிதாகிவிட்டது. 2014ஆம் ஆண்டில் பாலம் அமைந்தபோது வந்தது எதுவும் இல்லை. இருந்த பெண் ஓநாய் ஒன்று அதன் வழியே தீவை விட்டு வெளியேறி மாண்டது. அதற்கு முன்பே மூன்று ஓநாய்கள் பழைய சுரங்கக்குழி ஒன்றில் வீழ்ந்து இறந்திருந்தன. 2009ஆம் ஆண்டில் 24ஆக இருந்த ஓநாய்கள் 2016ஆம் ஆண்டில் இரண்டாயின. அவ்விரண்டும் தந்தையும் மகளும். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவையுங்கூட. அவற்றால் இனம் தழைக்கும் என்னும் நம்பிக்கை அற்றது. மூஸ்களோ தடுப்பாரின்றிப் பெருகி, 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,060 ஆயின. இளம் ஃபிர் மரங்கள் தலைதூக்க இயலாது குன்றின.

இரு கருத்துகள்

இந்நிலையில் அறிஞரிடையே பெரியதொரு வாதம் எழுந்தது. இயற்கைக்கு விட்ட தீவில் மனிதன் கை வைத்தல் தகாது. ஓநாய்கள் அழியின் அழிக. வருவன வரட்டும் என்றனர் ஒருசாரார். தீவுகளில் உயிரினங்கள் வருவதும் மறைவதும் இயல்பே என்பது அவர்கள் காட்டிய சான்று. மற்றொரு சாரார், பாலம் தானாக அழியவில்லை என்றனர். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துக் காற்றை வெப்பமாக்கியவன் மனிதனே. அவன் கை முன்பே அத்தீவின்மீது பட்டுவிட்டது. பாலத்தை அழித்தவன் பாலத்துக்குரிய கடமையையும் ஏற்றல் முறை என்பது அவர்கள் வாதம். இரு திறத்தார் கூற்றிலும் நேர்மை உண்டு. காட்டை நேசித்தவர்களே இரு பக்கமும் நின்றனர்.

நெடுநாள் ஆய்ந்த பூங்காத் துறையினர், 2018ஆம் ஆண்டில், ஓநாய்களைக் கொண்டுவருதல் என முடிவு செய்தனர். அவ்வாண்டு இலையுதிர் காலம் தொடங்கி 2019ஆம் ஆண்டு இலையுதிர் காலம்வரை, மின்னசோட்டா, மிச்சிகன் ஆகிய மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் 19 ஓநாய்கள் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ஒன்று, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாலம் அமைந்ததும், தான் வந்த நாட்டை நோக்கி நடந்தே போய்விட்டது.

அங்ஙனம் வந்தவற்றுள் சில, அதே ஏரியின் மிச்சிப்பிகோட்டன் என்னும் மற்றொரு தீவைச் சேர்ந்தவை. அத்தீவின் வரலாறு இதற்கு நேர்மாறானது. ஓநாய் இன்றி, காரிபு என்னும் மான்கள் நூற்றுக்கணக்கில் அங்கே அமைதியாக வாழ்ந்துவந்தன. 2014ஆம் ஆண்டில் பனிக்கட்டிப் பாலத்தின் வழியே ஓநாய்கள் சென்றன. நான்கே ஆண்டுகளில் காரிபுகள் ஏறக்குறைய அற்றுப்போயின. எஞ்சிய சிலவற்றை 2018ஆம் ஆண்டில் வானூர்தியில் ஏற்றி வேறு தீவுகளில் விட்டனர். அதன்பின் உண்ண இரையின்றி மெலிந்த ஓநாய்களே ஐல் ராயலுக்குக் கொண்டுவரப்பட்டன. ஒரு தீவில் பாலம் அமையாமையால் ஓநாய் அழிந்தது; மற்றொரு தீவில் பாலம் அமைந்தமையால் மான் அழிந்தது. பனிக்கட்டி நன்றோ தீதோ என்று பொதுவாக வினவுதல் பயனற்றது. எவ்விடத்தில், எக்காலத்தில், எவ்வுயிர்களுக்கு இடையே என்று வினவுதலே அறிவுடைமை.

ஆய்வின் பயன்

ஐல் ராயலில் புதிய ஓநாய்கள் குட்டிகள் ஈன்று பெருகின. 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஓநாய்கள் 31, மூஸ்கள் 967. ஓநாய்கள் வந்து நிலைபெற்றதோடு, மிகுந்த மூஸ்களின் தொகையும் குறைந்தது. எனினும், பாலம் இன்றி இவ்வோநாய்களும் தம் முன்னோர்போல உறவுக்குள்ளேயே இணைந்து நலியுமோ என்னும் ஐயம் எஞ்சியே நிற்கின்றது. அவ்வாறு நேரின் மீண்டும் மீண்டும் ஓநாய்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு மனிதனுடையதாகும்.

அவ்வெப்பம் ஆய்வாளரையும் விட்டுவைக்கவில்லை. 2024ஆம் ஆண்டின் குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக வெம்மையாக இருந்தது. வானூர்தி வந்திறங்கும் பனிக்கட்டிப் பரப்பு உறுதியாக உறையவில்லை. ஆதலின் அவர்கள் தம் பணியை இடையிலேயே நிறுத்தித் தீவை விட்டு நீங்க வேண்டியதாயிற்று. ஓநாய் வருவதற்கு இல்லாமற்போன பனி, ஓநாயை எண்ணுவதற்கும் இல்லாமற்போயிற்று.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தீவை நோக்கியிருந்த இவ்வறிஞர்கள் உலகுக்கு அளித்த செய்தி யாது? சூழ்நிலையில் நிகழும் மாறுதல், தான் தொடும் உயிரோடு நின்றுவிடுவதில்லை. பனி குறைந்தால் பனி மட்டும் குறைவதன்று. அதனோடு ஓநாயின் வழி குறைகின்றது. மூஸின் அளவு பிறழ்கின்றது. மரத்தின் தலை சாய்கின்றது. அம்மாறுதல் ஓராண்டு நோக்குவார்க்குப் புலப்படாது. நெடுங்காலம் பொறுமையுடன் நோக்குவார்க்கே புலப்படும். டர்வார்டு ஆலன் ஆய்வைத் தொடங்கியபோது பனிக்கட்டிப் பாலம் அழியும் என்று எதிர்பார்த்து எண்ணத் தொடங்கினார் அல்லர். எனினும் அவரும் அவர் வழிவந்தோரும் நெடுங்காலம் குறித்துவைத்த எண்களே, பாலம் அழிந்தபோது அதன் விளைவை உலகுக்கு எடுத்துக்காட்டின. ஒரு தலைமுறை விதைத்த ஆய்வின் பயனை மறு தலைமுறை அறுவடை செய்கின்றது. இயற்கையைக் காக்க விழைவோர் முதற்கண் கற்க வேண்டுவது, அதனைப் பொறுமையோடு காணும் பண்பேயாகும்.